டிரையருக்கு அடியில் கேட்ட குரல்

செனெய்டாவின் பார்லரில் வெள்ளிக்கிழமை என்றால் காது செத்துவிடும். சுவரோரமாக நான்கு பெரிய டிரையர்கள். நான்கும் அவள் புருஷனைப் போலவே பழையவை, அவனைப் போலவே ஓயாமல் இரைபவை. சுருட்டை முடியை நேராக்கத் தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு அவற்றுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். மோகா ஊரில் பாதி ரகசியங்கள் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

அன்றைக்கு எரிதானியா மூன்றாவது டிரையருக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி அவளுடையது. அவள் குரல் கேட்காமல் ஊரில் எந்த அடுப்பிலும் காப்பி கொதிக்காது என்று பெருமையடித்துக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றிய நேரத்தில், காதோரம் யாரோ பேசுவது கேட்டது.

"கல்யாணம் நின்னுபோச்சாம். மாப்பிள்ளை வாழைக்காய் லாரியில ஏறிப் போனவன்தான், இன்னும் இறங்கலையாம்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அறையின் அந்தக் கோடியில் பார்லரில் வேலை செய்யும் நூரிஸ் ஒருத்திக்குத் தலை கழுவிக்கொண்டே, நான்கு டிரையர்காரிகளுக்கும் சேர்த்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தவே இல்லை. குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் அத்தனை இரைச்சலுக்கும் அடியில் புகுந்து நேராகக் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. மற்ற மூன்று பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

எரிதானியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. இருபது வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்தவளுக்கு நல்ல குரல் எது என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா? இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணின் கையில் தலையைக் கொடுத்திருந்தும் காதைக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

கண்ணாடி முன்னால் ரோலர்களைக் கழற்றும்போது நூரிஸ் மெல்ல ஆரம்பித்தாள். "தொன்யா எரி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளு பொண்ணே."

"எனக்கு ரேடியோவுல பேசணும். சின்ன வயசுலருந்து ஆசை. பக்கத்து சந்தியாகோ நகரத்துல அறிவிப்பாளர் பள்ளிக்கூடம் இருக்காமே, சனிக்கிழமை சனிக்கிழமை, ஒரு வருஷம். போகலாமா? இல்ல, அது வெட்டி வேலையா? நீங்க சொன்னா வேதவாக்கு."

சீப்பும் கையுமாக நின்ற செனெய்டா குறுக்கே விழுந்தாள். "மீன் குஞ்சுக்கு நீச்சல் கிளாஸா? வாய் இருந்தா பேச வேண்டியதுதானே. எரி எந்தப் பள்ளிக்கூடம் போனா?"

உண்மைதான். எரிதானியா எந்தப் பள்ளிக்கூடமும் போகவில்லை. அவள் மாமா செத்தபோது மரண அறிவிப்பு கொடுக்க நிலையத்துக்குப் போனாள். அறிவிப்பாளன் முந்தைய ராத்திரி ரம் குடித்துக் குரலைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். "நீயே படிச்சிடும்மா" என்றார் அப்போதைய முதலாளி. படித்தாள். கேட்டவர்களெல்லாம் தங்கள் மாமாவே செத்தது போல அழுதார்கள். மறுநாளே வேலை. அறிவிப்பாளர் உரிம அட்டையெல்லாம் பிறகு பரீட்சை எழுதி வாங்கியது.

"யோசிச்சு அடுத்த வெள்ளி சொல்றேன்" என்றாள் எரிதானியா.

திங்கட்கிழமை நிலையத்து முதலாளி தொன் எவாரிஸ்தோ அவளைக் கூப்பிட்டார். மாமாவின் அறிவிப்பைப் படிக்கச் சொன்ன அந்தப் பெரியவரின் மகன்தான். மத்தியான நிகழ்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு விசா கிடைத்துவிட்டது, நியூயார்க்கில் இருக்கும் புருஷனிடம் போகிறாள்.

"எரி, உன் காதுக்குத் தப்பி இந்த ஊர்ல ஒரு குரல் இருக்காது. நல்ல பொம்பளைக் குரலா ஒண்ணு சொல்லு. படிப்பு கிடிப்பு வேண்டாம். அட்டையை அப்புறம் பார்த்துக்கலாம். நாளைக்கே உட்கார வச்சிடறேன்."

நூரிஸ் என்ற பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"உன் குரலும் இப்பல்லாம் கொஞ்சம் கரகரங்குது" என்றார் அவர், அக்கறையாகத்தான். "தேன் சாப்பிடறியா?"

வந்த பெயர் அப்படியே உள்ளே போய்விட்டது.

"அப்படி யாரும் இல்லையே, தொன் எவாரிஸ்தோ."

சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். இன்றைக்கு மத்தியானத்தில் உட்காருபவள் நாளைக்குக் காலையில் உட்கார மாட்டாளா? தனக்கு இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊர் தன்னை மரியாதையாக 'தொன்யா' என்று கூப்பிடுவதே இந்தக் குரலுக்காகத்தான். இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள். நெஞ்சு கேட்டால்தானே.

வெள்ளிக்கிழமை பார்லரில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பத்தரைமாற்று நிஜம். அதுதான் கொடுமை.

"கட்டாயம் போ, கண்ணு. குரல் கடவுள் குடுக்கறது; அதைக் காப்பாத்தறது படிப்பு. நான் படிக்காம வந்துட்டு தட்டுத் தடுமாறினது எனக்குத்தான் தெரியும். தொண்டையை எப்படி வச்சுக்கணும், மூச்சை எங்க எடுக்கணும்னு சொல்ல ஆளில்லாமத்தான் இன்னைக்குத் தேன் தேனா குடிக்கறேன். பள்ளிக்கூடம் முடிக்காம எந்த நிலையத்துப் படியும் ஏறாத. அரைகுறையா போனா அரைகுறையாத்தான் வச்சுப்பாங்க."

நூரிஸின் கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்கு நல்லது நினைச்சு சொல்றீங்க" என்றாள்.

நூரிஸ் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை என்பது பார்லரில் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும் நாள். ஞாயிறு பூசைக்குச் சுருட்டை முடியோடு போக எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. செனெய்டா முதல் மாதம் பொறுத்தாள், இரண்டாம் மாதம் முணுமுணுத்தாள், மூன்றாம் மாதம், "சனிக்கிழமை வராதவளுக்கு நாற்காலி எதுக்கு?" என்று அந்த இடத்தில் தன் தங்கை மகளை நிறுத்திவிட்டாள். வீட்டில் அம்மாவையும் ஒரு மகளையும் காப்பாற்றும் பொறுப்பு நூரிஸின் தலையில். கை டிரையரும் ரோலரும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்தாள். எரிதானியா வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள், காசு வாங்க மாட்டாள்.

"உங்ககிட்ட வாங்கினா என் கை அழுகிடும், தொன்யா எரி."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எரிதானியாவின் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் வீங்கின கால்களைப் பார்க்காமல் இருக்கக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்ப்பாள். அதைப் பார்க்கவும் கூசும். மசித்த வாழைக்காயும் பொரித்த பாலாடைக்கட்டியும் தட்டு நிறைய வைத்து, "சாப்பிடு, சாப்பிடு" என்று திணிப்பாள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவள் வேறு எதைத்தான் கொடுப்பாள்?

மத்தியான நிகழ்ச்சிக்கு முதலாளி மனைவியின் அண்ணன் மகன் வில்கின் வந்து உட்கார்ந்தான். பையன் கெட்டவன் இல்லை, ஆனால் அவனிடம் இருந்தது ஒரே ஒரு குரல். கோழி இறைச்சி மலிவு விலை என்பதையும், தொன் அனிபல் இறைவனடி சேர்ந்தார் என்பதையும் அதே குதூகலத்தோடு சொன்னான். பின்னால் மெரெங்கே ஆட்டத்து மேளம் வேறு. தொன் அனிபலின் மகன்கள் நான்கு பேர் நிலையத்து வாசலில் வந்து நின்றார்கள். எரிதானியாதான் வெளியே போய்க் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னாள். மறுநாள் காலை நிகழ்ச்சியில் அந்த அறிவிப்பை அவளே திரும்பப் படித்தாள்.

"நீ இல்லாட்டி மானம் போயிருக்கும், எரி" என்றார் முதலாளி. "இந்த ஊர்ல ஒரு பொம்பளைக் குரல் கூடவா இல்லாம போச்சு?"

அவள் தேனைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கதைகளை நூரிஸ் வாரா வாரம் கொண்டு வந்தாள். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்தி படிக்கிறார்களாம். மேசை மேல் மல்லாந்து படுத்து, வயிற்றில் புத்தகத்தை வைத்து மூச்சு விடுகிறார்களாம். எரிதானியா சிரித்தாள். பிறகு ஒரு நாள் நூரிஸ் சொன்னது அவளுக்குச் சிரிப்பாக இல்லை.

"மைக்கையே இன்னும் கண்ல காட்டலை, தொன்யா எரி. இத்தனை நாளா கேட்கறதுதான் பாடம். சுவரைப் பார்த்து உட்கார வச்சிடறாங்க. பின்னால ஒருத்தர் பேசுவார். அவர் எதை முழு மனசோட சொல்றார், எதை முழுங்கறார்னு நாங்க சொல்லணும்."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"மூச்சுலதான். ஒண்ணை முழுங்கறவங்களுக்கு மூச்சு பாதியிலயே நின்னுடும்னு டீச்சர் சொல்றாங்க. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை. இப்ப எல்லார்கிட்டயும் அதுதான் கேக்குது. செனெய்டா பேசினா பாவமா இருக்கு, அவளால ஒரு வாக்கியம் முழுசா மூச்சு விட முடியலை."

அதற்குப் பிறகு தலை வாரும் நேரத்தில் எரிதானியா அதிகம் பேசுவதில்லை. தொண்டை சரியில்லை என்பாள்.

பாதி வருஷத்தில் நூரிஸின் பேச்சு மாறியது. விமான நிலையத்தில் அறிவிப்பார்களே, அந்த மாதிரி. மோகா பேச்சின் இழுப்பும் குழைவும் போய், இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. "காலை வணக்கம்" என்று அவள் வாசலில் சொன்னபோது, எதிர்வீட்டுக்காரி, "எந்த விமானம் கிளம்புது?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நூரிஸ் உள்ளே வந்து அழுதாள். "கெட்டுப்போச்சா, தொன்யா எரி? இருந்ததையும் தொலைச்சுட்டேனா?"

எரிதானியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சீ, இதென்ன பிறவி என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றிய சந்தோஷம். உடனே எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். "நூரிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஈரக் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அழாத. சரியாயிடும்" என்று முடித்தாள். மூச்சு பாதியில் நின்றது. அழுகிற பெண்ணுக்கு அது கேட்டிருக்காது என்று நம்பினாள்.

நிஜமாகவே சரியாகிவிட்டது. படிப்பின் நடுவில் எல்லாருக்கும் அப்படி ஆகும், பிறகு தன் பேச்சுக்கே திரும்பி நடக்கக் கற்றுக்கொடுப்போம் என்றாளாம் ஆசிரியை. மழைக்காலம் முடிவதற்குள் பழைய நூரிஸ் திரும்பி வந்தாள். குரல் அதேதான், இப்போது குதிரை மேல் ஏறுவது போல அவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். நிறுத்தினால் நின்றது, தட்டிவிட்டால் போனது. எரிதானியா பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள், பள்ளிக்கூடத்தால் இவளுக்கு நன்மைதான் நடந்திருக்கிறது. அப்படியானால் தான் செய்ததும் நன்மைதானே? இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் அவளுக்கு விடை சரியாக வரவில்லை.

பட்டமளிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நூரிஸ் குதித்துக்கொண்டு வந்தாள். பட்டம் வாங்கும் ஒவ்வொரு வகுப்பும் தங்களுக்கென்று ஒரு ஞானத்தாயைப் பிடிக்க வேண்டும். மேடையேறி நான்கு நல்ல வார்த்தை சொல்லி, ஒவ்வொருவர் அங்கியிலும் பள்ளிச் சின்னத்தைக் குத்திவிட அவள்தான் வரவேண்டும்.

"வகுப்பே ஓட்டுப் போட்டுது. நீங்கதான் எங்க ஞானத்தாய்."

"நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவ, கண்ணு."

"அதனாலதான். போகாதவங்க ஒருத்தர் போன்னு சொன்னாங்களே, அது பெரிசு இல்லையா?"

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூட அவளுக்கு அகப்படவில்லை. உண்மையான காரணத்தைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சந்தியாகோவில், பள்ளி முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காலையில் நூரிஸே வந்து எரிதானியாவின் தலையைப் பட்டுப் போல நீவிவிட்டிருந்தாள். வானம் மூட்டமாக இருந்தது. "பயப்படாதீங்க, பை வச்சிருக்கேன்" என்று கைப்பையைத் தட்டிக் காட்டினாள். தலை அலங்காரம் செய்துகொண்ட பெண் மழையில் அகப்பட்டால் பிளாஸ்டிக் பைதான் தெய்வம். அதை நூரிஸ் ஒருநாளும் மறந்ததில்லை.

எரிதானியா மேடை ஏறினாள். எதிரில் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள், பின்னால் விசிறிக்கொண்டிருந்த அம்மாக்கள். தயார் செய்து எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டால் தலைமேல் இருக்கிற பாறாங்கல் இறங்கும்.

"பிள்ளைங்களா, பள்ளிக்கூடம் தேவையான்னு என்னைக் கேக்கறாங்க. நான் போகலை. பின்ன இந்த நூரிஸை ஏன் போன்னு சொன்னேன் தெரியுமா? இவ குரலைக் கேட்டேன். டிரையருக்கு அடியில உட்கார்ந்து கேட்டேன். கேட்டதும் பயந்துட்டேன். இவ என் நாற்காலிப் பக்கம் வரக் கூடாதுன்னுதான் அனுப்பினேன். ஒரு வருஷமாவது தொலைஞ்சு போகட்டும்னு அனுப்பினேன்."

முற்றம் அதிர்ந்தது. என்ன சிரிப்பு, என்ன கைதட்டல். ஒரு அம்மா எழுந்து நின்று கையசைத்தாள். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைவிட அழகாக ஒரு மாணவியைப் புகழ முடியாதாம். மேடையில் பக்கத்திலிருந்த ஒருவர் மைக்கிலேயே அப்படிச் சொன்னார். பாழாய்ப்போன குரல். இருபது வருஷமாகக் கேட்டவர் மனசைக் குளிரவைத்தே பழகின குரல், அவள் பாவத்தையும் பாயசமாக்கிப் பந்தி பரிமாறிவிட்டது.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. நூரிஸ் தலையைச் சற்றுச் சாய்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்பவளைப் போல, அசையாமல் இருந்தாள்.

சின்னம் குத்த எல்லாரும் வரிசையில் வந்தார்கள். நூரிஸின் முறை வந்தபோது எரிதானியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி இரண்டு தரம் தவறியது. நூரிஸ் சின்னத்தைத் தானே நேராக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

கேக் வெட்டினபோது வந்து பக்கத்தில் நின்றாள். "பயந்தேன்னு சொன்னீங்களே, அது நிஜம்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "அது வரைக்கும் மூச்சு முழுசா வந்தது. ஆனா 'அனுப்பினேன்'னு முடிச்சீங்க பாருங்க, அங்க நின்னுபோச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு, தொன்யா எரி. என்ன அது?"

எரிதானியா கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"மத்தியான நிகழ்ச்சி" என்றாள். "நீ கேட்ட அதே வாரம் இடம் காலியாச்சு. எவாரிஸ்தோ என்கிட்டதான் கேட்டார். படிப்பு வேண்டாம், நாளைக்கே உட்கார வச்சிடறேன்னார். யாரும் இல்லைன்னு சொன்னேன். உன் பேரு நாக்குல இருந்தது."

நூரிஸ் கீழே வைத்த அந்தத் தட்டையே பார்த்தாள். "சாப்பிடு சாப்பிடுன்னு திணிச்சீங்களே" என்றாள். "நான்கூட நினைச்சேன், பெத்த அம்மாகூட இப்படிப் போட மாட்டாள்னு."

"நூரிஸ், என்னை நாலு வார்த்தை திட்டு. அடிக்கறதுன்னாலும் அடி."

"எதுக்கு? பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருந்தது. நீங்க சொன்னதுல ஒரு பொய்கூட இல்லை."

அப்போது மழை பிடித்தது. எல்லாரும் கேக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். நூரிஸின் கை பழக்க தோஷத்தில் கைப்பைக்குள் போய் பிளாஸ்டிக் பையை எடுத்தது; எரிதானியாவின் தலைக்கு மேல் வரை கொண்டும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு அதை உதறித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, மோகா வேன் நிற்கும் பக்கமாக நடந்தாள். எரிதானியா முற்றத்தில் அப்படியே நின்றாள். காலையில் அந்தப் பெண் நீவிவிட்ட முடியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு ஏறிக்கொண்டது.

மறுநாளே எரிதானியா முதலாளியிடம் போய் நூரிஸின் பெயரைச் சொன்னாள். அவர் ஆள் அனுப்பினார். நூரிஸ் மரியாதையாகச் சொல்லி அனுப்பினாள், வேண்டாம் என்று. சந்தியாகோவில் பெரிய நிலையம் ஒன்று அவளை எடுத்துக்கொண்டுவிட்டது.

எரிதானியா மறுபடி செனெய்டாவின் பார்லருக்கே போக ஆரம்பித்தாள். தங்கை மகள் ரோலரை இழுத்துச் சுற்றுவதில் தலை வலித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டிரையர் மண்டைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தது. அலமாரியில் இருந்த ரேடியோவை யாரோ திருப்பினார்கள். அத்தனை இரைச்சலுக்கும் அடியில் புகுந்து, தணிந்த குரலில், யாரோ ஒரு கிழவர் இறந்த செய்தி நேராக அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. பெயரை நிதானமாக, செத்தவருக்கு மரியாதையாக, மோகா இழுப்போடு சொன்னது குரல். தலை கழுவிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. டிரையர்காரிகள் அத்தனை பேரும் அசையாமல் கேட்டார்கள்.

அறிவிப்பு முடிந்ததும் பக்கத்து டிரையர்காரி அவள் தொடையில் தட்டினாள். "நம்ம நூரிஸ்தானே? நீங்கதானே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீங்க? புண்ணியவதி, தொன்யா எரி" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாரும் திரும்பிச் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள்.

"ஆமா, நான்தான் அனுப்பினேன்" என்றாள் எரிதானியா. டிரையர் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.